மேட்ச் இல்லை, ஆனாலும் ரசிகர்கள் வந்தார்கள்: கொல்கத்தா டெர்பி ரத்தான அன்று என்ன நடந்தது?

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அன்று மாலை மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டும். டூரண்ட் கோப்பை டெர்பி. ஆனால், முந்தின நாளே மேட்ச் ரத்து என்று அறிவிப்பு வந்துவிட்டது. பாதுகாப்புக்குப் போதுமான போலீஸை ஒதுக்க முடியாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

மேட்ச் இல்லைன்னா ரசிகர்கள் என்ன செய்வாங்க? வீட்டில் இருப்பாங்க. ஆனால், அன்று மாலை ஸ்டேடியத்துக்கு வெளியே இரண்டு ஜெர்சியும் வந்து நின்றன. பச்சை-மெரூன் ஒரு பக்கம், சிவப்பு-தங்க நிறம் ஒரு பக்கம் என்றுகூட இல்லை. எல்லாம் கலந்து. கொல்கத்தாவின் மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் டாக்டருக்கு நீதி.

கால்பந்து ரசிகர்களுக்கு இதில் என்ன வேலை? ‘மேட்சை மட்டும் பாருங்கப்பா’ என்று சொல்பவர்களின் வாதம் என்ன? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பின்னணி

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பணியில் இருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் மேற்கு வங்கம் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே இரவில் ஒரு கும்பல் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. ஆகஸ்ட் 17 அன்று இந்திய மருத்துவச் சங்கம் நாடு முழுக்க 24 மணி நேர வேலைநிறுத்தம் நடத்தியது. தமிழ்நாட்டு மருத்துவர்களும் போராடினார்கள்.

இந்தச் சூட்டில்தான் டெர்பி வந்தது. இரு தரப்பு ரசிகர்களும் கேலரியில் நீதி கேட்டு பேனர் பிடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே ஃபோன்களில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்ச் ரத்தானதும் ரசிகர்களுக்கு வந்த சந்தேகம் இதுதான்: பாதுகாப்புப் பிரச்னையா, பேனர் பிரச்னையா?

கலவரம் செய்யச் சிலர் திட்டமிட்டதாகத் தகவல் கிடைத்தது என்றது போலீஸ். ஸ்டேடியத்தைச் சுற்றித் தடை உத்தரவும் போடப்பட்டது. நாம் ‘144’ என்று பழகிய அதே உத்தரவுதான். புதிய சட்டத்தில் அது 163-வது பிரிவு. ரசிகர்கள் அதையும் மீறி வந்தார்கள். தடியடி நடந்தது, பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸ் தன் மனைவியோடு வந்து ரசிகர்களுடன் நின்றார். ஈஸ்ட் பெங்கால் ரசிகர் ஒருவர் மோகன் பகான் ரசிகரைத் தோளில் தூக்கி நிற்கும் படம் அன்று இரவே நாடு முழுக்கப் பரவியது.

மேட்சுக்கு டிக்கெட் எடுத்தவர்களைச் சமாளிக்க ஆள் இல்லை, ஆனால் போராட வந்தவர்களைத் தடுக்க இவ்வளவு போலீஸ் எங்கிருந்து வந்தது? அன்று இரவு அதிகம் பகிரப்பட்ட கேள்வி இதுதான். போலீஸ் தரப்பின் அச்சத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த இதே டெர்பியில் கேலரி மோதலும் நெரிசலும் சேர்ந்து 16 ரசிகர்களைப் பலிவாங்கின. கொல்கத்தா அந்த நாளை ஒவ்வொரு வருடமும் ரத்ததான முகாம் நடத்தி நினைவுகூர்கிறது. 2024-ல் அந்த நினைவு நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் டெர்பி.

தோளில் தூக்கியது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

கொல்கத்தாவில் எந்த கிளப் என்பது பெரும்பாலும் நீங்கள் தேர்ந்தெடுப்பது இல்லை, வீட்டில் இருந்து வருவது.

மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. 1911-ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ ஷீல்டைத் தூக்கிய கிளப். மேற்கு வங்கத்தையே பூர்வீகமாகக் கொண்ட ‘கோட்டி’ குடும்பங்களின் அணி என்று பெயர். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் தொடங்கியது. பெயரே சொல்லும்: கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ‘பாங்கால்’ குடும்பங்களின் அணி. 1947 பிரிவினைக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தபோது, இழந்த ஊரின் பெயரைச் சத்தமாகக் கத்த அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்த கேலரி. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-ல் தொடங்கி, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்று, இந்திய முஸ்லிம்களின் பெருமிதமாக மாறிய கிளப்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது ஜாலியான பக்கம். ஜாலி இல்லாத பக்கமும் உண்டு. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைப் பார்த்து எதிர்த் தரப்பு காலங்காலமாகச் சொல்லும் கிண்டல், ‘முள்வேலி’. அதாவது, எல்லை வேலி தாண்டி வந்தவர்கள். தலைமுறை கடந்தும் அந்தச் சொல் சுடும்.

இது 2024-ல் திடீரென்று முளைத்ததா?

இல்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. அடுத்து தேசியக் குடிமக்கள் பதிவேடு வருமா, யார் யார் என்னென்ன ஆவணம் காட்ட வேண்டும் என்ற பயம் பரவியது. 2020 ஜனவரி 19 அன்று நடந்த ஐ-லீக் டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஒரு பெரிய பேனரை விரித்தார்கள். அதன் சாரம்: இந்த மண்ணை நாங்கள் வாங்கியது ரத்தம் கொடுத்து, காகிதம் கொடுத்து அல்ல.

அன்று மேட்சை ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று தோற்றது. ஆனால், இன்றும் பேசப்படுவது அந்த பேனர்தான். ஏன்னா, அது வெறும் அரசியல் கோஷம் இல்லை. ‘முள்வேலி’ என்ற கேலரி கிண்டலுக்கு, அந்தக் கிண்டல் ஒரு சட்டக் கேள்வியாக மாறிய நேரத்தில் வந்த பதில். தாத்தா, பாட்டியின் கதை அது. அதைக் கால்பந்திலிருந்து பிரிக்கச் சொன்னால் எங்கே பிரிப்பது?

கிளப் யாருடையது?

இந்த ரசிகர்கள் இவ்வளவு வேகமாக ஒன்றுசேர முடிந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது: கடந்த சில வருடங்களாக அவர்கள் தங்கள் கிளப்புகளோடே சண்டை போட்டுப் பழகியிருந்தார்கள்.

2020-ல் மோகன் பகானின் கால்பந்து அணியில் 80 சதவீதப் பங்கை சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி குழுமம் வாங்கியது. அணியின் பெயர் ‘ஏ.டி.கே மோகன் பகான்’ ஆனது. 131 வருட கிளப்பின் பெயருக்கு முன்னால், 2014-ல் பிறந்த ஒரு அணியின் பெயர்! ரசிகர்கள் ஹேஷ்டேக்கில் ஆரம்பித்து, பேனர், ஊர்வலம் என்று மூன்று வருடம் விடவில்லை. இத்தனைக்கும் பணம் போட்டவரை எதிர்த்தால் அணியே இல்லாமல் போகும் என்று பயந்த ரசிகர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள். கடைசியில் 2023 மார்ச் 18 அன்று ஐ.எஸ்.எல் பட்டம் வென்ற அதே இரவில், ‘ஏ.டி.கே’ போகிறது என்று கோயங்கா அறிவித்தார். இப்போது அணியின் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்.

ஈஸ்ட் பெங்காலில் கதை வேறு மாதிரி. முதலீட்டாளரான ஸ்ரீ சிமென்ட்டின் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். ‘போடு’ என்று ஒரு தரப்பு ரசிகர்கள், ‘கிளப்பை விற்காதே’ என்று இன்னொரு தரப்பு. 2021 ஜூலை 21 அன்று கிளப் வாசலிலேயே மோதல், தடியடி. அதாவது, போலீஸ் தடி, பேனர், பொதுக்கருத்து மூன்றுமே இவர்களுக்கு 2024-க்கு முன்பே பரிச்சயம்.

‘ஃபுட்பாலை மட்டும் பேசுங்க’

சரி, எதிர் வாதங்களுக்கு வருவோம். அவை சாதாரணமானவை இல்லை.

*ஒன்று: விளையாட்டில் அரசியல் வேண்டாம்.* வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு 90 நிமிடம் எல்லாவற்றையும் மறக்க வருகிறவருக்கு இது நியாயமான ஆசை. ஆனால், அரசியலை மைதானத்துக்குள் கொண்டுவந்தது ரசிகர்களா? ஈஸ்ட் பெங்காலுக்கு முதலீட்டாளர் கிடைத்ததை 2020-ல் அறிவித்தது, அப்போதைய முதல்வர் மம்தா பானர்ஜி, தலைமைச் செயலகத்தில் வைத்து. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக 2022-ல் வந்த கல்யாண் சௌபே, முன்னாள் கோல்கீப்பர், கூடவே பா.ஜ.க சார்பில் தேர்தலில் நின்றவர். அவருக்கு முன் அந்த நாற்காலியில் நீண்ட காலம் இருந்த பிரஃபுல் படேல், தேசியவாத காங்கிரஸின் மூத்த தலைவர். மேலே இருப்பவர்களுக்கு அரசியல் இருக்கலாம், கேலரிக்கு மட்டும் கூடாது என்பது கொஞ்சம் இடிக்கிறது.

*இரண்டு: கட்சிகள் இதைக் கடத்திக்கொண்டு போகும்.* இது உண்மையான ஆபத்து. ஆகஸ்ட் 18 அன்று சௌபேவும் அந்த இடத்துக்கு வந்தார், பிடிபட்ட ரசிகர்களை விடச் சொல்லிப் பேசினார். கூட்டமைப்புத் தலைவராக வந்தாரா, ஆளும் கட்சியை எதிர்க்கும் கட்சிக்காரராக வந்தாரா? இரண்டு விதமாகவும் பார்த்தார்கள். மூன்று கிளப் ரசிகர்கள் சேர்ந்து நின்றதன் பலம் இங்கேதான் தெரிகிறது. ஒரே கட்சியில் அடக்க முடியாத கூட்டம் அது.

*மூன்று: இதற்குக் குரல் கொடுத்தீர்கள், அதற்கு ஏன் கொடுக்கவில்லை?* எந்தப் போராட்டத்திலும் வரும் கேள்வி. சில நேரம் அது நேர்மையான கேள்வி, பல நேரம் பேச்சை மாற்றும் வழி. ஒரு ஊரின் ரசிகர்கள் தங்கள் ஊர் மருத்துவமனையில் நடந்ததற்கு முதலில் கோபப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

*நான்கு: இதுதான் கஷ்டமான கேள்வி.* பெண்ணுக்கு நீதி கேட்கும் அதே கேலரியில், எதிரணி கோல் அடித்ததும் என்ன வார்த்தைகள் பறக்கின்றன? அம்மா, அக்கா, தங்கச்சி இல்லாத வசவு உண்டா? இது கொல்கத்தா கேலரிக்கு மட்டும் உரிய நோய் இல்லை. இந்தியாவில் எந்த ஸ்டேடியத்திலும், எந்த கமென்ட் பாக்ஸிலும் பார்க்கலாம். ஃபோனிலும் இதே முரண். நீதி கேட்ட ஹேஷ்டேகிலேயே இறந்தவரின் பெயரும் படமும் சுற்றின. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 2024 ஆகஸ்ட் 20 அன்று உச்ச நீதிமன்றமே அவற்றை நீக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

பிறகு என்ன ஆச்சு?

ரத்தான மேட்சுக்கு இரு அணிக்கும் தலா ஒரு புள்ளி கொடுக்கப்பட்டது. காலிறுதிக்கு மோகன் பகான் ஜாம்ஷெட்பூருக்கும், ஈஸ்ட் பெங்கால் ஷில்லாங்குக்கும் போக வேண்டியிருந்தது. ஈஸ்ட் பெங்கால் அங்கேயே வெளியேறியது. அரையிறுதிக்கு டூரண்ட் கோப்பை மீண்டும் சால்ட் லேக் வந்தது. கேலரியில் நீதி கேட்கும் பேனர்களும் வந்தன. எதற்குப் பயந்து மேட்ச் நின்றதோ, அது நடந்தது, ஸ்டேடியம் இடிந்துவிடவில்லை. ஆகஸ்ட் 31 இறுதிப்போட்டியில் 2-0 என்று முன்னிலையில் இருந்த மோகன் பகான், பெனால்டியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டிடம் தோற்றது.

வழக்கில் 2025 ஜனவரி 18 அன்று சஞ்சய் ராய் குற்றவாளி என்று சியால்தா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு நாள் கழித்து ஆயுள் தண்டனை. ஆனால், பல கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதே பெற்றோரின் நிலைப்பாடு.

டெர்பி ரசிகர்கள் என்ன ஆனார்கள்? அடுத்த டெர்பியில் பழையபடி சண்டை போட்டார்கள். அதுதானே வழக்கம். ஒரு நாள் தோளில் தூக்கியதால் நூறு வருடப் பகை தீர்ந்துவிடாது, தீரவும் வேண்டாம். ஹில்சாவும் இறாலும் இருக்கட்டும்.

ஆனால், ஒரு விஷயம் மாறியிருக்கிறது. எதிர் கேலரியில் உட்கார்ந்திருப்பவர் எதற்காகத் தெருவுக்கு வருவார் என்று இப்போது இருவருக்கும் தெரியும். அடுத்த முறை ‘முள்வேலி’ என்று கத்த வாய் திறக்கும்போது, அன்று தன் பக்கத்தில் நின்று தடியடி வாங்கியவர் ஞாபகத்துக்கு வந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையை விழுங்குவதற்குத் தடை உத்தரவு எதுவும் கிடையாது.