பின்னி என்றொரு பெயர்

ஜவுளிக் கடையில் பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில் நின்று தொழில் பழகிய நம்மில் பலருக்குச் சிறு வயதில் ஒரு தப்பான எண்ணம் இருந்தது. நூலைப் பின்னித் துணி செய்கிறார்கள், அதனால்தான் அந்த ஆலைக்குப் ‘பின்னி மில்’ என்று பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் திருத்தவில்லை. பெரியவர்களே அப்படித்தான் எண்ணியிருப்பார்கள் போலும். நெய்வதும் பின்னுவதும் வேறு வேறு தொழில் என்பது கூட அப்போது தோன்றவில்லை.

வாடிக்கையாளர் வந்து “ஒரு சட்டைத் துணி காட்டுங்க” என்று கேட்பதில்லை. “பின்னி இருக்கா?” என்றுதான் கேட்பார். பீஸைப் பிரித்துக் காட்டினால் முதலில் துணியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். ஓரத்தைத் திருப்பி முத்திரையைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கிழிக்கச் சொல்வார். போலீஸ்காரர் காக்கிக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் அந்தப் பெயரே பாதி வியாபாரத்தை முடித்துக் கொடுத்தது. மீதிப் பாதிதான் நம்முடைய வேலை.

அந்தப் பெயர் ஒரு குடும்பப் பெயர். அதுவும் உலகில் அதிகம் பேருக்கு இல்லாத குடும்பப் பெயர். ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகருக்கு மேற்கே, அப்ஹால் என்ற ஊருக்கு அருகில் பின்னி என்று ஓர் இடம் இருக்கிறது. பக்கத்தில் பின்னி கிரெய்க் என்று ஒரு பாறைக் குன்று. நம் பக்கத்தில் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொள்வது போல, அங்கே ஊர்ப் பெயரையே வம்சப் பெயராகக் கொண்டவர்கள்தாம் பின்னிகள்.

அந்த இடத்தில் கல் வியாபாரமும் நடந்தது. பின்னிக் கல் என்று ஒரு வகை மணற்கல் அங்கே வெட்டி எடுக்கப்பட்டது. எடின்பரோவில் எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட்டுக்கு 1840-களில் எழுப்பப்பட்ட 200 அடி உயர நினைவுச் சின்னம் இந்தக் கல்லால் ஆனது. கல்லில் எண்ணெய்ப் பசை உண்டு. நகரத்துப் புகை அதில் ஒட்டிக்கொண்டு, கட்டிடமே கறுத்துப் போயிற்று. 1990-களில் அதைப் பழுதுபார்த்தபோது வேறு கல் வைத்தால் பொருந்தாது என்று பழைய குவாரியையே மறுபடி திறந்து கல் எடுத்தார்கள். அதே பத்தாண்டில்தான் நம் ஊரில் அதே பெயர் கொண்ட ஆலையின் கதவு மூடியது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

பின்னிகளின் பழங்கதை ஒன்று சரக்கு சப்ளை செய்பவர்களுக்குச் சுவையாக இருக்கும். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சண்டையிட்ட காலம். லின்லித்கோ என்ற ஊரின் கோட்டை ஆங்கிலேயர் வசம். கோட்டைக்கு வைக்கோல் கொண்டுவந்து கொடுப்பவன் பின்னாக் என்ற குடியானவன். 1313-ல் ஒரு நாள் வழக்கம்போல வைக்கோல் வண்டி வந்தது. வாசலில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தினான். கதவை இறக்க முடியவில்லை. வைக்கோலுக்குள் ஒளிந்திருந்த எட்டுப் பேர் குதித்தார்கள், வெளியே பதுங்கியிருந்தவர்கள் ஓடி வந்தார்கள், கோட்டை விழுந்தது. பின்னி, பின்னிங் என்ற பெயருள்ள குடும்பங்கள் இவனைத் தம் முன்னோர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு. நாட்டுக்காகச் செய்தான், சரி. ஆனால் தவறாமல் சரக்கு கொடுத்து வந்தவன் என்பதால்தானே காவலர் வண்டியைக் கிளறிப் பார்க்கவில்லை? அந்த நம்பிக்கையை அவன் செலவழித்த விதத்தை, வியாபாரி என்ற முறையில் நம்மால் முழு மனதோடு மெச்ச முடியவில்லை.

பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்துக்காரர்கள் உலகமெங்கும் கிளம்பிய பதினெட்டாம் நூற்றாண்டில் பின்னிகளும் கிளம்பினார்கள். அச்சுத் தொழில் தெரிந்த ஆர்ச்சிபால்டு பின்னி அமெரிக்கா போனார். ஜேம்ஸ் ரொனால்ட்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, 1796-ல் பிலடெல்பியாவில் அச்செழுத்து வார்க்கும் பட்டறை தொடங்கினார். அதுவரை அமெரிக்க அச்சகங்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்த எழுத்தையே நம்பியிருந்தன. இன்று உலக வாணிபமே உச்சரிக்கும் டாலர் குறி இருக்கிறதே, ‘எஸ்’ எழுத்தின் மேல் கோடு போட்டது, அதை அச்செழுத்தாக முதலில் வார்த்தது அந்தப் பட்டறைதான் என்று அச்சுத்தொழில் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் விலைப்பட்டியலில் அந்தக் குறியைப் பார்க்கும்போது ஒரு பின்னியின் கைவேலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கம் சென்னைக்கு வந்த பின்னிகளைப் பார்ப்போம். சார்லஸ் பின்னி 1769-ல் வந்து ஆற்காட்டு நவாபின் பணியில் இருந்தவர். அதே குடும்பத்து ஜான் பின்னி அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்து வர்த்தகத்தில் இறங்கினார். 1800-ல் டென்னிசன் என்பவரோடு சேர்ந்து ‘பின்னி அண்ட் டென்னிசன்’. 1814-ல் அதுவே ‘பின்னி அண்ட் கோ’. மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் ஜான் பின்னி குடியிருந்த தோட்ட வீடு இருந்த இடத்தில்தான் பின்னாளில் கன்னிமரா ஹோட்டல் எழுந்தது. அந்த வழிக்குப் பின்னி ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கம்பெனியின் ஆபீஸ் ஆர்மேனியன் தெருவில். தரகு, வட்டி, கப்பல் ஏஜென்சி என்று வெள்ளைக்கார வர்த்தக நிறுவனங்கள் செய்த எல்லாமும் செய்தார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைக் கடந்து சரக்கு கரைக்கு வருவது மசூலாப் படகில். நனைந்த மூட்டை யார் கணக்கு என்ற சண்டை அப்போதே உண்டு. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குச் சென்னையில் பின்னிதான் ஏஜெண்டு.

துணிக்கு வந்தது பிறகுதான். 1876-ல் பக்கிங்ஹாம் மில், அப்போதைய கவர்னர் பெயரில். 1881-ல் கர்நாடிக் மில். இரண்டும் பெரம்பூர்ப் பகுதியில். 1920-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பி அண்ட் சி மில் என்பது அதுதான். பெங்களூரில் 1884-ல் ஏற்பட்ட கம்பளி, பருத்தி, பட்டு ஆலையும் பின்னியின் நிர்வாகத்துக்கு வந்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த பேட்டைக்கே பின்னிப்பேட்டை என்று பெயர்.

பெயருக்கு ஒரு சோதனை

1906 அக்டோபர் 22-ந் தேதி சென்னை வியாபார உலகில் இடி விழுந்தது. அர்பத்நாட் கம்பெனி பணம் தர முடியாமல் கதவை மூடியது. ஆயிரக்கணக்கான பேர் போட்ட பணம் போயிற்று. விதவைகள், பென்ஷன்காரர்கள், கோயில் நிதி என்று பாகுபாடில்லாமல் போயிற்று. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். இனி வெள்ளைக்காரன் வங்கியை நம்பிப் பயனில்லை என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயன்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கியது நம் இனத்தார் எல்லாரும் அறிந்த வரலாறு.

அந்த ஆட்டத்தில் பின்னியும் ஆடிப் போயிற்று. கைகொடுத்தவர் ஜேம்ஸ் மேக்கே. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆனவர். அவர் 1906-லேயே பின்னியை வாங்கினார். இங்கே வியாபாரப் பெருமக்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வாங்கியவர் கையில் பணம் இருந்தது, கப்பல் இருந்தது, லண்டனில் செல்வாக்கு இருந்தது. போர்டில் தன் பெயரை எழுதிக்கொள்ள யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் எழுதவில்லை. ஆர்மேனியன் தெருவிலும் ஆலையிலும் துணி ஓரத்திலும் பின்னி என்றே இருந்தது. முதலாளி மாறினார் என்பது பல சில்லறைக் கடைக்காரர்களுக்குத் தெரிந்துகூட இருக்காது. நாம் கடையைக் கைமாற்றும்போது குட்வில் என்று ஒரு தொகை போடுகிறோம். அதை எப்படிக் கணக்கிடுவது என்று வாங்குபவரும் விற்பவரும் மணிக்கணக்கில் வாதிடுகிறோம். மேக்கே அதைப் பேச்சில் சொல்லவில்லை, போர்டைக் கழற்றாமல் விட்டுச் சொன்னார்.

ஆனால் அந்தப் பெயரை உள்ளே நின்று பார்த்தவர்களின் கதை வேறு. ஆலைத் தொழிலாளிக்குச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் அரை மணி. அதற்குள் வெளியே வந்து, தின்று, திரும்ப வேண்டும். இந்தக் குறையை அவர்கள் போய்ச் சொன்னது யாரிடம்? பக்கத்துக் கடைக்காரர்களிடம். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவரும் ஆலைப் பகுதியில் வியாபாரம் செய்தவர்கள். கடைக்கு வந்த தொழிலாளிகளின் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு, பி.பி. வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். திரு.வி.க. அதில் முன்னின்றார். சாப்பாட்டு நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பது தொடக்கத்திலேயே எழுந்த கோரிக்கை.

தொழிற்சங்கம் என்றால் நம் சங்கக் கூட்டங்களில் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறோம். முதல் சங்கத்துக்கு அடி எடுத்துக் கொடுத்தவர்கள் இரண்டு கடைக்காரர்கள் என்பது அவர்களுக்கு நினைவிருந்தால் நல்லது. கடன் நோட்டைப் பார்த்தாலே தெரு எப்படிப் பிழைக்கிறது என்று கடைக்காரனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். இடையில் 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் தொழிலாளிக்குள்ளேயே சாதிப் பிளவு உண்டாகி, குடிசைகள் எரிந்து, உயிர்களும் போயின. பின்னி என்ற பெயருக்குக் காக்கியின் கெட்டிச் சாயம் ஒட்டியிருப்பது போல இதுவும் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பெயரில் உள்ள மற்றவர்களைச் சொல்லாவிட்டால் கிரிக்கெட் பிரியர்கள் நம்மை விடமாட்டார்கள். பெங்களூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் 1955-ல் பிறந்தவர் ரோஜர் பின்னி. 1983 உலகக் கோப்பையில் மற்ற எவரையும்விட அதிகமாக 18 விக்கெட் எடுத்தார். கோப்பையைத் தூக்கிய கபில்தேவ் படம் மனதில் நிற்கும் அளவுக்கு அந்தக் கணக்கு நிற்கவில்லை. 2022-ல் கிரிக்கெட் வாரியத் தலைவராகி 2025 வரை இருந்தார். அவர் மகன் ஸ்டூவர்ட் பின்னி 2014-ல் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 4 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இந்தியா 105 ரன்னுக்குள் சுருண்ட ஆட்டம் அது. எதிரணி 58-ல் முடிந்தது. ஒருநாள் ஆட்டத்தில் இந்தியரின் சிறந்த பந்துவீச்சாக 2023 வரை அது நின்றது. பெயர் ஒன்றாக இருப்பதால் மில் முதலாளி பரம்பரை என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம்.

ஸ்டேஷனரி வியாபாரிகளுக்கும் ஒரு செய்தி. குழந்தைகளின் கிரேயான் டப்பாவில் கிரேயோலா என்று இருக்கும். 1903-ல் எட்டு வண்ணம் ஐந்து சென்ட் என்று அதைக் கொண்டுவந்த கம்பெனி ‘பின்னி அண்ட் ஸ்மித்’. எட்வின் பின்னியின் மனைவி ஆலிஸ் வைத்த பெயர் கிரேயோலா. இங்கிலீஷில் இந்தப் பின்னிக்கு ஓர் எழுத்துக் கூடுதல், அதனால் பங்காளி என்று சொல்ல முடியாது. பிள்ளையைவிடப் பெண்டாட்டி வைத்த பெயர் பெரிதாயிற்று என்பார்களே, அப்படி 2007-ல் கம்பெனியே தன் பெயரைக் கிரேயோலா என்று மாற்றிக்கொண்டது. போர்டைக் கழற்றிய பின்னி இது ஒன்றுதான்.

பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. அதற்கு முன்பே சரக்கு விட்டு விட்டு வந்தது. “பின்னி இருக்கா?” என்று கேட்டவரிடம் “வேற காட்டட்டுமா?” என்று நாம் கேட்கப் பழகியிருந்தோம். விசைத்தறித் துணியும் பாலியஸ்டர் கலந்ததும் அலமாரியை நிரப்பின. ஓரத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அந்த வாடிக்கையாளர்களோடு போயிற்று. ஆலையைச் சுற்றிச் சம்பளத் தேதியை நம்பி அரிசி, மளிகை, பலகாரம் விற்றவர்களின் கடன் நோட்டுகளில் எவ்வளவு வராமல் நின்றது என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. தொழிலாளிக்காவது கணக்கு முடிக்க ஒரு கம்பெனி இருந்தது. கடைக்காரன் யாரிடம் போய் நிற்பான்?

மூடிய ஆலையின் பெரிய கூடங்களில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. வில்லனின் கிடங்காகவும் சண்டைக் காட்சியாகவும் அந்த இடத்தைப் பல படங்களில் பார்த்திருக்கிறோம். தியேட்டரில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கதாநாயகன் அடிதடியில் இறங்கியிருந்த நேரத்தில் திரையைக் கைகாட்டிப் பேரனிடம் சொன்னார்: “அந்தத் தூணுக்குப் பின்னாலதான்டா என் தறி இருந்துச்சு.”