ஆரம்ப சூரத்தனம் என்று பழிக்க வேண்டாம்!

சொந்தத் தொழில் நடத்தும் பெண்களின் கெட்டிக்காரத்தனமும் கவனக்குறைவும்

“ஆரம்ப சூரத்தனம்” என்ற சொல் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மும்பையில் வீட்டோடு தையல் மெஷின் போட்டிருக்கும் பெண்களிலும், மெஸ் நடத்துபவர்களிலும், இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர்களிலும் அந்தப் பெயரை வாங்கிய சிலரைக் காணலாம். புத்தியில் குறைவே இராது. புதிய யோசனைகள் மளமளவென்று வரும். பேசி ஆர்டர் பிடிப்பதில் யாரும் கிட்டே நெருங்க முடியாது. ஆனால் பில் எழுத மறப்பார்கள். வர வேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்க மாட்டார்கள். பாதி தைத்த துணி மூட்டையாகக் கிடக்க, வேறொரு வியாபாரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். “இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது தெரியாதா? எல்லாம் சோம்பல்!” என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு எப்போதும் சரியல்ல என்கிறார்கள் மனநல டாக்டர்கள். இவர்களில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு. மூளை வளரும் விதத்தில் சிறு வயதிலேயே ஏற்படும் மாறுபாடு இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்பின் குற்றமல்ல, மன உறுதி இல்லாமையும் அல்ல. கவனமே கிடையாது என்றும் அர்த்தமில்லை. பிடித்த வேலையில் சோறு தண்ணீர் மறந்து மூழ்கிவிடுவார்கள். பிடிக்காத, ஆனால் செய்தே தீர வேண்டிய வேலையில் மனத்தைத் திருப்பி நிறுத்துவதுதான் பெரும்பாடு.

புத்தியே திரை

1902-ஆம் ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதன் பின் நெடுங்காலம், ஓரிடத்தில் உட்காராமல் ஓடித் திரியும் பையன்களின் கோளாறாகவே இது கருதப்பட்டது. துள்ளல் இல்லாமலும் கவனக்குறைவு மட்டும் இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-ல்தான் தனியாகக் குறிப்பிட்டது. வகுப்பில் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண் குழந்தை யார் கண்ணிலும் படுவதில்லை. அதே சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, சிறு வயதில் இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்றிருக்கும் விகிதம், பெரியவர்களில் 1.6-க்கு 1 என்று குறைகிறது. சிறு வயதில் தப்பிவிட்ட பெண்கள் வளர்ந்த பின் அகப்படுவது இதற்கு ஒரு காரணம்.

அந்தப் பெண் புத்திசாலியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகத்தைத் தொட்டே பாஸ் பண்ணிவிடுவாள். புத்தி ஒரு திரையாக இருந்து குறையை மறைத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். ஆபீஸில் மேலதிகாரி கேட்பார். சொந்தத் தொழிலில் மணி அடிப்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. திரை விலகுவது அங்கேதான்.

ஹில்டன் குடும்பத்துப் பெண்

அமெரிக்காவின் பாரிஸ் ஹில்டனின் வரலாறு இதற்கு ஒரு பாடம். உலகப் புகழ் பெற்ற ஓட்டல்களை நிறுவிய கான்ராட் ஹில்டனின் கொள்ளுப் பேத்தி இவர். பதின்ம வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டு, இரவில் வெளியே சுற்றினார். அடங்காப் பிள்ளை என்று எண்ணிய பெற்றோர், இப்படிப்பட்டவர்களைத் “திருத்தும்” விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினர். யூட்டா மாநிலத்தில் ஒரு பள்ளியில் 11 மாதம் இருந்தார். அங்கே கொடுமைக்கு ஆளானதாக 2021-ல் அந்த மாநிலச் சட்டசபைக் குழு முன் சாட்சி சொன்னார். ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் கண்டு சொன்னது, இருபது வயதைத் தாண்டிய பிறகுதான். 2023-ல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். 2004 முதல் அவர் பெயரில் வாசனைத் திரவியங்கள் விற்பனையாகின்றன. 2021-ல் சொந்த நிறுவனமும் தொடங்கினார். விடுதிகளில் குழந்தைகளை வதைப்பதைத் தடுக்க அவர் பாடுபட்டதன் பயனாக, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டமே நிறைவேறியது. வசதி படைத்த வீட்டிலேயே இந்தக் கதி என்றால், சாமானியர் வீட்டுப் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மும்பையிலேயே ஓர் உதாரணம் உண்டு. நடிகை ஆலியா பட் 2020-ல் குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைத் தொழில் ஆரம்பித்தார். 2023-ல் அதில் 51 சதவீதப் பங்கை ரிலையன்ஸ் வாங்கியது. தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது பரிசோதனையில் தெரிய வந்ததாக 2024-ல் அவர் பேட்டியில் கூறினார். பள்ளி நாட்களிலேயே மனம் எங்கோ போய்விடும் என்றும் சொன்னார்.

வரமா, சாபமா?

இதைக் கேட்டு, கோளாறே ஒரு வரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் சிரக்யூஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் யோஹான் விக்லுண்டும் அவரது சகாக்களும், இக்கோளாறு உள்ள 14 தொழில் முனைவோரை ஆராய்ந்து 2016-ல் கட்டுரை வெளியிட்டனர். தயங்காமல் இறங்கும் குணம் தொழில் தொடங்க உதவுகிறது. அதே குணம் சில சமயம் குழியிலும் தள்ளுகிறது என்று கண்டார்கள்.

குழி எப்படிப்பட்டது? ஜி.எஸ்.டி.யில் மாதாமாதம் கணக்குக் காட்டுபவர், மறு மாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். கட்ட வேண்டிய வரி இருந்து தேதி தவறினால், உச்ச வரம்புக்கு உட்பட்டு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரிக்கு வட்டி வேறு. வியாபாரம் நன்றாக நடந்தும் மறதியாலேயே நஷ்டப்படுவது இப்படித்தான். பண நஷ்டத்தை விடப் பெரியது, “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று அவர்கள் மனத்தில் விழும் வடு.

செய்ய வேண்டியது

மறதிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு என்று நினைப்பதும் தவறு. ரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தொல்லை தருகிறதா என்று டாக்டர் விசாரிப்பார். தைராய்டு கோளாறு, தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றாலும் கவனம் சிதறலாம். மனநல டாக்டரின் சீட்டின் பேரில் மருந்துகள் உண்டு. பழக்கங்களைச் சீர்படுத்தும் ஆலோசனைச் சிகிச்சையும் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

வீட்டில் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. ஆர்டர் பிடிப்பதும் புதிய யோசனையும் அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். பில், பாக்கி, கெடு தேதி ஆகியவற்றை வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம். பகலெல்லாம் ஆபீஸில் அடுத்தவர் கணக்கைப் பார்க்கும் கணவர், வாரத்தில் ஒரு மணி நேரம் மனைவியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் குறைந்துபோக மாட்டார். அவர் எழுதும் கணக்கை விட, “சோம்பேறி” என்ற சொல்லை நிறுத்திக்கொள்வது அந்தத் தொழிலுக்குப் பெரிய முதலீடாக இருக்கும்.