குண்டு வீசியவருக்கும் அன்பு!

1956 ஜனவரி 30. இரவு நேரம்.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரம். ஒரு வீட்டுத் திண்ணையில் வெடிகுண்டு வெடித்தது! ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

அது மார்ட்டின் லூதர் கிங்கின் வீடு. அவர் கிறிஸ்தவப் போதகர். வயது 27. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். நல்ல வேளை, காயம் இல்லை!

என்ன கோபம்?

அந்த ஊர் பஸ்சில் கறுப்பர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும். வெள்ளையருக்கு இடம் இல்லை என்றால் எழுந்து விட வேண்டும். 1955 டிசம்பர் 1-ந் தேதி ரோசா பார்க்ஸ் என்ற பெண் எழுந்திருக்க மறுத்தார். போலீசார் கைது செய்தனர்.

4 நாளில் கறுப்பர்கள் பஸ் ஏறுவதை நிறுத்தினார்கள். பலர் வேலைக்கு நடந்தே போனார்கள். தலைமை தாங்கியவர் கிங்.

ஆயுதம் வேண்டாம்!

குண்டுச் செய்தி பரவியது. கிங் வீட்டு முன் பெருங்கூட்டம் கூடியது. சிலர் கையில் ஆயுதம்!

கிங் விரைந்து வந்தார். மனைவி, குழந்தையைப் பார்த்தார். பிறகு திண்ணையில் நின்று பேசினார். ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார். பகைவரையும் நேசிக்க வேண்டும் என்பதே இயேசுவின் கட்டளை என்றார்.

கூட்டம் அமைதியாகக் கலைந்தது.

போராட்டம் 381 நாள் நீடித்தது. பஸ்சில் நிறபேதம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

1956 டிசம்பர் 21. கிங் பஸ் ஏறி, முன்பக்கம் உட்கார்ந்தார். அவர் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்தார். அவர் ஒரு வெள்ளைக்காரப் போதகர்!