சிம் மாறினால் விலாசமும் மாறும்

பிள்ளைகளே, கனடாவில் இருக்கும் பெரியம்மா வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார். கண்டாவளை வீட்டில் 4ஜி ரவுட்டரின் டேட்டா திடீரென்று முடிந்துவிடுகிறது. அண்ணா உடனே வைஃபையை நிறுத்தி, போனில் இருக்கும் வேறு கம்பெனி சிம்மின் டேட்டாவைப் போடுகிறார். பெரியம்மாவின் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. சில செக்கன்களில் மறுபடியும் அசைகிறது, சிரிக்கிறது. அந்தச் சில செக்கன்களுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலால் வந்தாலும் வயலுக்கு ஒன்றுதான். ஒரு வாய்க்காலை அடைத்து மற்றதைத் திறந்தால் பயிருக்கு வித்தியாசம் தெரியாது. இணையம் அப்படி இல்லை. அதில் வருவது முழுவதும் சிறுசிறு பொதிகள். பெரியம்மாவின் முகமும் குரலும் ஆயிரக்கணக்கான பொதிகளாகப் பிரிந்துதான் வருகின்றன. ஒவ்வொரு பொதியிலும் அது போய்ச் சேரவேண்டிய விலாசம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த விலாசம் ஓர் எண். அதை உங்களுக்குக் கொடுப்பது இணைய இணைப்பைத் தரும் கம்பெனி. கம்பெனி மாறினால் விலாசமும் மாறிவிடும். அண்ணா மாற்றிய அந்தக் கணத்தில் வந்துகொண்டிருந்த பொதிகளெல்லாம் பழைய விலாசத்தைத் தேடிப்போய் வீணாகின. புது விலாசம் மறுமுனைக்குத் தெரியும் வரை பெரியம்மா உறைந்துதான் இருப்பார்.

புது விலாசம் கிடைப்பதற்கு முன்னால் இன்னொரு காரியம் நடந்தாக வேண்டும். "நீ யார்?" என்று கம்பெனி கேட்கும். அதற்குப் பதில் சொல்வது அந்தச் சின்னஞ்சிறு சிம். இப்போது நாம் போடும் நனோ சிம்மின் நீளம் 12.3 மில்லிமீற்றர், அகலம் 8.8 மில்லிமீற்றர். 1991இல் ஜேர்மனியில் செய்து பின்லாந்துக்கு விற்ற முதல் சிம்கள் வங்கி அட்டை அளவுக்குப் பெரியவை. அளவு குறைந்துகொண்டே வந்தாலும் வேலை மாறவில்லை. ஒவ்வொரு சிம்மும் ஒரு சின்னக் கணினி. அதற்குள் 15 இலக்கம் வரை நீளும் அடையாள எண் ஒன்று இருக்கிறது. இது போன் நம்பர் இல்லை, வேறு எண். முதல் மூன்று இலக்கமும் நாட்டைச் சொல்லும்: இலங்கைக்கு 413, கனடாவுக்கு 302. அடுத்த இலக்கங்கள் கம்பெனியைச் சொல்லும்: மொபிடெலுக்கு 01, டயலொக்குக்கு 02.

ஆனால் எண்ணை யாரும் சொல்லிவிடலாமே? அதனால் சிம்முக்குள் ஒரு இரகசியச் சாவியும் இருக்கிறது. அதுவும் ஓர் எண்தான், 39 இலக்கம் வரை நீளக்கூடியது. அதே சாவியின் பிரதி கம்பெனியின் கணினியிலும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கவனமாக வாசியுங்கள். அந்தச் சாவி ஒருபோதும் காற்றில் பயணம் செய்வதில்லை. கம்பெனி ஏதோ ஓர் எண்ணை எழுந்தமானமாகத் தெரிந்து அனுப்பும். சிம் அந்த எண்ணையும் தன் சாவியையும் சேர்த்து ஒரு கணக்குச் செய்து, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். கம்பெனியும் தன்னிடமுள்ள சாவியால் அதே கணக்கைச் செய்து பார்க்கும். இரண்டு விடையும் ஒன்றென்றால் உள்ளே வரலாம். நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்டால் அவருக்குக் கிடைப்பது ஒரு கேள்வியும் ஒரு விடையும்தான். அடுத்த தடவை கேள்வி வேறாக இருக்கும். பழைய 2ஜியில் கம்பெனி மட்டுமே சிம்மைச் சோதித்தது. 3ஜி வந்ததிலிருந்து சிம்மும் கம்பெனியைச் சோதிக்கிறது. போலிக் கோபுரம் ஒன்றை நட்டு ஏமாற்ற நினைப்பவருக்கு இது பெரிய தடை.

இரண்டு சிம் போட்ட போனில் இரண்டுக்கும் எப்படி அழைப்பு வருகிறது என்று யோசித்திருப்பீர்கள். பெரும்பாலான போன்கள் இரண்டு கம்பெனிகளையும் மாறிமாறிச் சில கணங்கள் உற்றுக் கேட்கின்றன: "எனக்கு ஏதும் அழைப்பு இருக்கிறதா?" டேட்டா மட்டும் ஒரு நேரத்தில் ஒரு சிம்மில்தான் ஓடும். எந்தச் சிம் என்பதை நீங்கள்தான் செற்றிங்ஸில் தெரிவுசெய்ய வேண்டும். தானாகவே டேட்டாவை மாற்றிக்கொள்ளும் வசதியும் சில போன்களில் உண்டு. அது போடப்பட்டிருந்தால் இரண்டாவது சிம்மின் காசு உங்களுக்குத் தெரியாமலே கரையும். வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து அதை ஒருமுறை பாருங்கள்.

விலாசம் மாறுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். வைஃபையில் இருக்கும்போது போனின் செற்றிங்ஸில் ஐபி விலாசத்தைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். அநேகமாக 192.168 என்று தொடங்கும். இது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசம், ரவுட்டர் கொடுத்தது. இதே எண் முரசுமோட்டையில் ஒரு வீட்டிலும், ரொறன்ரோவில் ஒரு வீட்டிலும் இருக்கலாம். வெளியுலகம் பார்ப்பது கம்பெனி தரும் விலாசத்தை. பிறகு வைஃபையை நிறுத்தி முதல் சிம்மில் பாருங்கள், அடுத்து இரண்டாவது சிம்மில் பாருங்கள். மூன்று எண்கள் கிடைக்கும்.

பெரியம்மாவை உறையவைத்த அந்தத் தொல்லைக்கு விஞ்ஞானிகள் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விலாசத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பதால்தானே தொடர்பு அறுகிறது? அப்படியென்றால் தொடர்புக்கே ஓர் எண் கொடுத்துவிடலாம். விலாசம் மாறினாலும், "நான் அதே தொடர்புதான், இதோ என் எண்" என்று போன் சொல்லட்டும். 2021இல் உலகப் பொது விதியாக வெளியான 'குவிக்' என்ற முறையில் இந்த வசதி இருக்கிறது. யூடியூப் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. இன்னொரு முறையில் போன் வைஃபை, சிம் டேட்டா என்ற இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் பொதிகளை அனுப்பலாம். ஐபோனின் குரல் உதவியாளரான சிரி 2013இலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இந்த முறைகள் எல்லாச் செயலிகளுக்கும் வந்துசேர்ந்தால், டேட்டா முடிகிற வீட்டுப் பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு நடுவில் அறாது. அதனால்தான் இவை எனக்குப் பெரிய கண்டுபிடிப்புகளாகத் தெரிகின்றன.

இனி, ஆபத்து நாளைப் பற்றி. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியதை வீட்டில் சொல்லியிருப்பார்கள். அப்படியான நாளில் இரண்டு இணைப்பு இருப்பது நல்லது. ஆனால் அவை உண்மையிலேயே இரண்டா? ஒரே கோபுரத்தில் இரண்டு கம்பெனிகளின் அன்ரனாக்கள் இருக்கலாம். வேறு வேறு கோபுரங்களாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன் போகலாம். கரண்ட் நின்றால் கோபுரத்தின் பற்றறி கொஞ்ச நேரம்தான் தாங்கும். உங்கள் ரவுட்டரோ அந்த நிமிடமே நின்றுவிடும். 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்ரார்லிங்க் கோபுரத்தை நம்பாமல் செய்மதியோடு நேரே பேசுகிறது. அதன் தட்டுக்கும் வீட்டில் கரண்ட் வேண்டும்.

அடுத்த முறை ஊரில் கரண்ட் நீண்ட நேரம் நின்றால், அரை மணிக்கு ஒருமுறை இரண்டு சிம்களின் சிக்னல் கோடுகளையும் கொப்பியில் குறித்து வையுங்கள். ஒரு கம்பெனி முன்னதாகவும் மற்றது பிந்தியும் போனால், உங்கள் வீட்டுக்கு உண்மையாகவே இரண்டு வழி இருக்கக்கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் போவதைப் பல தடவை கண்டால், கொப்பியை அம்மாவிடம் காட்டுங்கள். அடுத்த சிம்மை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்று அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.