புகை கசியும் லொறி

கொட்டாஞ்சேனையில் குடியிருப்போர்க்கும், வெள்ளவத்தையிலே காலி வீதியோரம் வாழ்வோர்க்கும் லொறியின் இரைச்சல் புதிய விஷயமன்று. துறைமுகத்திலிருந்து சரக்கை ஏற்றி வருவனவும், புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படுவனவுமாக அவை நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சற்றே செவி சாய்த்துக் கேட்போமாயின், எல்லா லொறிகளும் ஒரே விதமாக இரைவதில்லை என்பது புலனாகும். சில, முடுக்கும்போதெல்லாம் ‘டிக் டிக்’ என்று தட்டும். சில, பாம்பு போலச் சீறும். இவ்வோசைகளிற் பல, புகைக்குழாயில் எங்கோ கசிவு உண்டாகிவிட்டதற்கு அறிகுறியாகும்.

லொறி வைத்திராத எமக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். லொறி ஓட்டும் தந்தையரின் பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்கள் வீட்டு அடுப்பு அந்த வண்டியை நம்பியே எரிகின்றது. மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய லொறியைப் பழுது பார்த்து ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. இன்றுள்ள விலையில் புதிய வண்டி வாங்க வல்லவர் எத்தனை பேர்?

இக்காலத்து டீசல் லொறிகளிற் பெரும்பாலானவை ‘டர்போ’ எனும் கருவி பொருத்தப்பட்டவை. சுவிற்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் அல்பிரட் பூச்சி என்பார் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் அதிக டீசலை எரிக்கலாம், பலமும் கூடும். வீணே வெளியேறவிருந்த புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த உபாயம் மெச்சத் தக்கதுதான்.

ஆகவே, கசிவு டர்போவுக்கு முன்னா, பின்னா என்பதே முதலில் அறிய வேண்டியது. எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்று சேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாயை ‘மனிபோல்ட்’ என்பர். அதில் வெடிப்போ, அதன் பொருத்தில் கசிவோ இருப்பின், டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே தப்பி விடுகின்றது. காற்றுக் குறைய, டீசல் முற்றாக எரியாமல் கரும்புகையாகின்றது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுக்கும். நோய் இன்னதென்றறியாத சிலர், நன்றாக இருந்த டீசல் பம்பைக் கழற்றிப் பணத்தை வீணாக்குவதும் உண்டு.

டர்போவுக்குப் பின்னால் உள்ள கசிவு வேறு விதமானது. பலம் குன்றாது, ஆதலால் ‘சத்தந்தானே, பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிடுகின்றனர். எமக்கு அச்சம் தருவது இதுவேயாகும். நம் நாட்டில் ஓடும் லொறிகளிற் பலவற்றில் சாரதியின் ஆசனம் எஞ்சினுக்கு மேலேயே அமைந்திருக்கின்றது. கியர்த் தடியைச் சுற்றியுள்ள இறப்பர் கிழிந்திருந்தால் கீழே கசியும் புகை நேரே உள்ளே ஏறிவிடும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. அதிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரவு வேளையில் எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிரூட்டியின் சுகத்தில் சாரதியும் கிளீனரும் கண்ணயர்வது வழக்கமாகிவிட்டது. கசியும் குழாயை வைத்துக்கொண்டு அவ்வாறு உறங்குதல் உயிருக்கே அபாயம். யாழ்ப்பாணம் போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கத் தவறாத சாரதிமார், புறப்படுமுன் ஒருமுறை வண்டிக்கடியிலும் குனிந்து பார்த்தால் பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

குனிந்து பார்ப்பதற்கு ஏற்ற நேரம் அதிகாலை. குழாய் குளிர்ந்திருக்கையில் எஞ்சினைத் தொடக்கி உடனே பார்த்தால், சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் வெடிப்புகள்கூட வெளிப்படும். பொருத்துகளின் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருக்குமாயின் புகை தப்பும் இடம் அதுவே. எக்சோஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் இன்னொரு வசதியுண்டு. அந்தப் பிரேக்கைப் பிடித்ததும் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். அதற்கு முன்னுள்ள சிறு துவாரமும் சீறிக் காட்டிக்கொடுத்து விடும்.

இனி, ஒட்டுவதா, மாற்றுவதா என்பது. சிறு சுத்தியலால் குழாயைத் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். கணீரென்று ஒலித்தால் இரும்பு உறுதியாயிருக்கின்றது, வெல்டிங் தாங்கும். மங்கிய ஓசை வருமாயின் துரு உள்ளேயே தின்றுவிட்டது. அதன்மேல் வெல்டிங் வைத்தால் துவாரம் பெரிதாவதுதான் மிச்சம். அப்பகுதியை வெட்டியெறிந்து புதுக்குழாய் இடுதலே சிக்கனம். அவ்வாறு இடும்போது, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒடுங்கிய குழாயை வாங்கலாகாது. புகை வெளியேற முடியாமல் தடைப்பட்டு டர்போ சூடேறும்.

துருவைப் பற்றி மாணவர்கள் அறிய வேண்டிய இரசாயன விஷயம் ஒன்றுண்டு. ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுதும் கொதிப்பதால் அந்நீர் வெளியே போய்விடும். துறைமுகத்திலிருந்து அருகிலுள்ள பண்டகசாலைக்கும் அங்கிருந்து மீண்டும் துறைமுகத்துக்கும் குறுந்தூரமே ஓடும் வண்டியில், சைலன்சர் சூடேறுமுன்னே பயணம் முடிந்துவிடும். நீர் உள்ளேயே தங்கும். வெளியே கடற்காற்றின் உப்பு, உள்ளே புகையின் நீர் என இருபுறமும் அரிக்கப்படும் குழாய் எத்தனை நாள் நிலைக்கும்!

எம்மிடம் கற்ற ஒருவர் இன்று கொட்டாஞ்சேனையில் இரண்டு லொறிகளுக்குச் சொந்தக்காரர். அவருடைய வண்டியொன்றில் டர்போவுக்குப் பின்னால் மூன்று தடவை வெல்டிங் வைத்த இடம் நான்காம் தடவையும் வெடித்தது. முதிய பாஸ் ஒருவர் குழாயைத் தொடாமல் எஞ்சினை அசைத்துப் பார்த்தாராம். எஞ்சினைத் தாங்கும் இறப்பர் நைந்துபோயிருந்தது. எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் குழாய் இழுபட்டிருக்கின்றது. இறப்பரையும், அதிர்வை வாங்கிக்கொள்ளும் சுருக்கு நெளிகுழாயையும் மாற்றிய பின் அந்த இடம் வெடிக்கவேயில்லை.

மனிபோல்ட் பக்கத்து வேலையில் அவசரம் கூடாது. வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால், ஆறும்போது பக்கத்திலேயே வெடிக்கும். நிக்கல் குச்சியும், முன்கூட்டியே சூடேற்றும் பொறுமையும் வேண்டும். மறோக் இல்லாத நல்ல மனிபோல்ட் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழையதாகக் கிடைத்தால் அதுவே மேல். முகம் கோணாமல் மட்டமாக இருக்கின்றதா என்று இரும்புச் சட்டம் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். டர்போவுக்கு முன்னால் பசை பூசி அடைப்பதோ பெருங்கேடு. அது காய்ந்து உதிர்ந்து, நிமிடத்துக்குப் பல்லாயிரந் தடவை சுழலும் சக்கரத்தில் மோதும். கழற்றிய காஸ்கெற்றை மீண்டும் போடுவதும் ஆகாது. வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றி, பிரேக் காற்றுக் குழாய்களை மறைத்துக்கொள்வதும் அவசியம்.

இலங்கையில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதற்கு முதல்நாள் கராஜுக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். ஆனால் புதுக் காஸ்கெற் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பின்னரே அமர்ந்துகொள்ளும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி முறுக்கிய போல்ட்டுகளை மறுநாட் காலை, குளிர்ந்த நிலையில், மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல பாஸ் இதற்கெனத் தனிக்கூலி கேட்க மாட்டார்.