எல்லைக்கோட்டுப் பூச்சிகள் – 17: சிவப்பு, மஞ்சள், நீலம்

சென்ற வாரம் கெலமங்கலம் மல்பெரித் தோட்டத்தில், மாவுப்பூச்சியால் வரும் துக்ரா நோய் பிடித்துச் சுருண்ட கொழுந்தோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பட்டுப்புழு என்று சொல்லியிருந்தேன். பட்டுப்புழு வரும், ஆனால் வழியில் ஒரு கண்ணாடிக் குப்பி மறித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

குப்பி இருப்பது கோவையில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில். ஓசூரில் காலையில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஏறினால் தருமபுரி, சேலம், ஈரோடு, திருப்பூர் தாண்டி மதியச் சாப்பாட்டு வேளையில் கோவை. லாலி ரோடு வளாகத்துக்குள் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. 2018 மார்ச்சில் சுமார் 5 கோடி ரூபாய் செலவில் திறந்தார்கள். எங்கள் மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் ஷிஃப்ட் முடித்து வரும் தகப்பன்மார் லீவு நாளில் பிள்ளைகளை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு மால்களுக்கு அழைத்துப் போகிறார்கள். ஒருமுறை திசையை மாற்றித் தெற்கே போங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள், தும்பிகள், குச்சியா பூச்சியா என்று திகைக்க வைக்கும் குச்சிப்பூச்சிகள் எல்லாம் கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கின்றன. எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஊசியைப் பாருங்கள். வண்டு என்றால் ஊசி நடு முதுகில் இறங்காது, வலப்பக்க மேலிறகு வழியாக இறங்கும். அந்துப்பூச்சி என்றால் நெஞ்சின் நடுவில். எந்த இனத்துக்கு எங்கே குத்த வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. வண்டின் நடுக்கோடும் இடப்பக்கமும் பழுதில்லாமல் நின்றால்தான் நாளைக்கு இன்னொருவர் வந்து அது எந்த இனம் என்று சொல்ல முடியும். ஆராய்ச்சிக்கான சேகரிப்பில் ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் சின்னஞ்சிறு காகிதத் துண்டு கோத்திருக்கும்: பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் இருந்தது என்ற குறிப்பு. அந்தத் துண்டு இல்லையென்றால் எவ்வளவு அழகான பூச்சியானாலும் ஆராய்ச்சிக்குப் பெரிதாக உதவாது.

பார்த்து முடித்துவிட்டு, பூச்சியியல் படிக்கும் ஓர் ஆய்வு மாணவியிடம் நம் கெலமங்கலத்துத் துக்ராவைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த மாவுப்பூச்சி சார்?"

"மல்பெரியில வர்றதும்மா. வெள்ளையா, பஞ்சு மாதிரி."

"எல்லா மாவுப்பூச்சியும் வெள்ளையாத்தான் சார் இருக்கும். மேல இருக்கிறது மெழுகு. அதைத் தாண்டிப் பார்க்கணும்."

பப்பாளி இலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஊசிமுனையால் மெழுகை விலக்கிக் காட்டினார். உள்ளே மஞ்சள் உடம்பு. நசுக்கியதும் மஞ்சள் நீர் கசிந்தது. துக்ராவை உண்டாக்கும் மாவுப்பூச்சிக்கு உடம்பு இளஞ்சிவப்பு. இது வேறு இனம், பப்பாளி மாவுப்பூச்சி. பிறகு அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். "இது நேத்து ஆல்கஹால்ல போட்டது. இதே பூச்சிதான் சார்." குப்பிக்குள் கிடந்தவை கருநீலமாக இருந்தன.

மஞ்சள் பூச்சி ஆல்கஹாலில் ஒரு நாள், இரண்டு நாள் கிடந்தால் கருநீலமாகிவிடுகிறது. மல்பெரிக் கொழுந்தை உறிஞ்சுவது பழைய எதிரியா, புது எதிரியா என்று பிரித்துப் பார்க்க இது முதல் துப்பு. வெள்ளைப் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் நிறம் ஒரு மாவட்டத்தின் பிழைப்பையே நிர்ணயிக்க முடியும் என்பதுதான் இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்த விஷயம். இங்கிருந்து இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சூளகிரிப் பக்கம் பாறை நிலங்களில் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அதன் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவந்து, கண்ணுக்குத் தெரியாத முள் நாக்கில் ஏறித் தவித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தக் கள்ளி மடலில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரல் ரத்தமாகச் சிவக்கும். அது சாயப்பூச்சி, மாவுப்பூச்சிக்குத் தூரத்து உறவு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கொச்சினீல் பூச்சியை மெக்சிகோவில் கள்ளித் தோட்டம் போட்டு வளர்த்தார்கள். காயவைத்து அரைத்தால் கிடைக்கும் சிவப்புக்கு ஈடான சாயம் அன்றைய ஐரோப்பாவில் இல்லை. ஆங்கிலப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு அதுதான் வேண்டும். வியாபாரமோ ஸ்பெயின் கையில். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், அந்தச் சாயத்தை இங்கேயே எடுத்துவிடலாம் என்று கிளம்பினார். 1780களின் கடைசியில் லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் கம்பெனி செலவில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெரி அதைப் பார்த்துக்கொண்டார். தோட்டம் தயார், பூச்சிதான் இல்லை.

1795-ல் நீல்சன் என்ற கேப்டன், கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது பூச்சியோடு கள்ளியை எடுத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த ராக்ஸ்பர்க் அதைப் பெருக்கினார். சென்னைக்கும் வந்தது. எல்லோருக்கும் கொண்டாட்டம். பூச்சியும் செழித்தது. நாட்டில் காடாகக் கிடந்த ஒரு வகைக் கள்ளியை அடியோடு தின்றது. சாயம் எடுத்தபோதுதான் தெரிந்தது, சரக்கு மட்டம். வந்திருந்தது மெக்சிகோவின் சாயப்பூச்சி இல்லை, அதே முகம் கொண்ட காட்டுப்பூச்சி. வெள்ளைப் பஞ்சு ஒன்றுதான், நசுக்கினால் சிவப்பும் ஒன்றுதான். உள்ளே இனம் வேறு. கம்பெனியின் சாயக் கனவு அதோடு போயிற்று. ஆண்டர்சன் 1809-ல் இறந்தார். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருடைய சிலை இருக்கிறது. மல்பெரியையும் பட்டுப்புழுவையும் சென்னை மாகாணத்தில் பரப்பப் பாடுபட்டவரும் இவர்தான் என்பதால் பட்டு விவசாயிகள் அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

கதை அங்கே முடியவில்லை. அந்தப் பூச்சி தின்றது ஒரு வகைக் கள்ளியைத்தான். வேலிக்கு என்று வைத்த இன்னொரு வகை, தமிழ்நாட்டின் வறண்ட ஜில்லாக்களில் மேய்ச்சல் நிலத்தையும் புஞ்சையையும் வளைத்துக்கொண்டது. வெட்டினால் வெட்டிய மடல் ஒவ்வொன்றும் வேர் பிடிக்கும். பழைய பூச்சியை அதன்மேல் விட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சி இனம் கொண்டுவரப்பட்டது. பார்வைக்கு முந்தையதைப் போலவேதான். ஆனால் இது பிடித்துக்கொண்டது. பூச்சி ஏறிய மடலை ஒடித்து அடுத்த புதரில் போட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொண்டது. ஐந்தாறு ஆண்டுகளில் பல்லாயிரம் ஏக்கர் கள்ளி சாய்ந்து மண்ணானது. இன்று சூளகிரியில் நாம் பார்ப்பது மிச்சம் மீதிதான்.

ஆஸ்திரேலியாவிலும் சப்பாத்திக்கள்ளி இதைவிடப் பயங்கரமாகப் பரவியது. அங்கே முக்கியமாகக் கைகொடுத்தது 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த ஓர் அந்துப்பூச்சி. குவீன்ஸ்லாந்தின் பூனார்கா என்ற சிற்றூர் மக்கள் 1936-ல் அந்தப் பூச்சியின் பெயரிலேயே ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள். மண்டபம் இன்றும் நிற்கிறது. பூச்சிக்கு நன்றி சொன்ன ஊர் அது. நம் ஜில்லாக்களைக் காப்பாற்றிய பூச்சிக்கு நாம் ஒரு பலகைகூட வைக்கவில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இனி மஞ்சள் பூச்சி. 2008-ல் கோவையில் பப்பாளிச் செடிகளில் புதிய மாவுப்பூச்சி ஒன்று தென்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தாவி ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் பட்டு விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. மல்பெரிக்கு மருந்து அடிப்பதில் உள்ள சிக்கல் பட்டு வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்து வாடை போகாத இலையைப் போட்டால் தட்டில் உள்ள புழு செத்துப்போகும். அடித்தாலும் மெழுகுப் போர்வை மருந்தை உள்ளே விடாது.

ஆனால் இந்த முறை 1795-ல் நடந்த குழப்பம் நடக்கவில்லை. பூச்சி எந்த இனம் என்று உறுதியாகத் தெரிந்தது: பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இனம் தெரிந்தால் அதன் சொந்த ஊர் தெரியும். சொந்த ஊர் தெரிந்தால் அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் எதிரி யார் என்று தேடலாம். அமெரிக்க வேளாண்துறை ஏற்கெனவே அந்த எதிரிகளைப் போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துக்கொண்டிருந்தது. நம் ஜூஜூவாடி எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், பெங்களூரு ஹெப்பாலில், வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் இருக்கிறது. 2010-ல் அது மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்காதீர்கள். இவை மிகமிகச் சிறியவை. அந்த மூன்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்பதுதான் சாதித்துக் காட்டியது. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பி, விறைத்து, பழுப்புக் கூடாகிவிடும்; கடைசியில் அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டை இயந்திரத்தில் துளைத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

வேளாண் பல்கலைக்கழகமும் பட்டு வளர்ச்சித் துறையும் குளவிகளைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டன. ஓராண்டு போவதற்குள் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்து நிறுத்திய தோட்டத்தில் குளவி நிலைத்தது. நிறுத்தாத தோட்டத்தில் குளவியும் செத்தது. பத்தாண்டு கழித்து மரவள்ளியைப் பிடித்த வேறொரு மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான். அதற்கான குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது.

இனம் எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது? அருங்காட்சியகத்துக்குத் திரும்ப வர வேண்டும். மாவுப்பூச்சியை வண்டைப் போல ஊசியில் குத்தி வைக்க முடியாது, காய்ந்து சுருங்கிவிடும். அதை முதலில் காரக் கரைசலில் ஊறவைத்து உள்ளிருக்கும் சதையைக் கரைக்கிறார்கள். எஞ்சுவது கண்ணாடி போன்ற தோல். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, கனடா பால்சம் என்ற பிசினில் பதித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் தோலின் ஓரத்தில் மெழுகு சுரக்கும் துளைகளும் குழாய்களும் தெரியும். எந்த இடத்தில் எத்தனை, எந்த வரிசை என்று எண்ணித்தான் இனத்தைச் சொல்கிறார்கள். ஆல்கஹாலில் வரும் நீலம் துப்பு. தீர்ப்பு இந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

இதில் என்னை உலுக்கியது ஒரு தேதி. பப்பாளி மாவுப்பூச்சியை மெக்சிகோவில் முதலில் பிடித்தது 1955-ல். அதற்கு முறையாகப் பெயர் வைத்து விவரம் எழுதியது 1992-ல். இடைப்பட்ட 37 ஆண்டு அந்தப் பூச்சிக்குப் பெயரில்லை. அன்றைக்கு அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. யாரும் அவசரமாகக் கேட்கவும் இல்லை. பூச்சியைப் பிடித்தவரும் பத்திரப்படுத்தியவரும் ஈரோட்டு மல்பெரியைக் கேள்விப்பட்டிருப்பார்களா? பெயர் வைத்துப் பதினாறு ஆண்டில் கோவைக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. நம் ஊர்க் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் பழைய பூச்சிப் பெட்டிகள் இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று அவற்றைத் தூக்கிப் போடும் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. பெட்டியை அரிக்கும் பூச்சிகள் அண்டாமலிருக்கப் பேராசிரியர்களே, நாப்தலின் உருண்டை போடுங்கள். காகிதத் துண்டுகளைப் படியெடுத்து வையுங்கள். யாருக்கும் கொடுக்க முடியாவிட்டால் கோவைக்கு எழுதுங்கள்.

பூச்சிகளை இனம் காணும் கோவையின் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. பூச்சியியலாளர் ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய தன் பெரிய நூலை 1914-ல் வெளியிட்டார். டி.வி.ராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-ல் வந்தது. பல்கலைக்கழகத்தின் வேர் 1868-ல் தொடங்கிய ஒரு வேளாண் பள்ளி. 1906-ல்தான் அது கோவைக்கு இடம்பெயர்ந்தது. பள்ளி முதலில் இருந்த ஊர் எது தெரியுமா? சைதாப்பேட்டை. ஆண்டர்சனின் கள்ளித் தோட்டம் இருந்த அதே சைதாப்பேட்டை!

பக்கம் தீர்ந்துவிட்டது. பட்டுப்புழு அடுத்த வாரம், உறுதியாக. ஆயிரக்கணக்கான ஆண்டு மனிதன் வளர்த்ததில் அந்த அந்துப்பூச்சி ஏன் பறக்க மறந்தது, கர்நாடகப் பக்கம் மஞ்சள் கூடும் நம் பக்கம் வெள்ளைக் கூடும் ஏன் அதிகம், இரண்டும் ராமநகர மார்க்கெட்டில் எப்படி விலை போகின்றன என்று பார்ப்போம். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்து வாசகர்கள் அதற்குள் மல்பெரிக் கொழுந்தில் வெள்ளைப் பஞ்சைக் கண்டால் குச்சியால் விலக்கி, உள்ளே இளஞ்சிவப்பா மஞ்சளா என்று பார்த்து எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.