நூற்றைம்பது கோடி ஆண்டு நடந்து வந்த ஒளி!

விண்ணைப் பார்த்து வேளை குறிப்பவர் உண்டு. விண்ணைப் பார்த்து வினா எழுப்புபவரும் உண்டு. முன்னவர் நம்மிடம் தட்சணை கேட்பார். பின்னவர் நமக்கு ஆதாரம் காட்டுவார். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது பின்னவரைப் பற்றி.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே நமீபியா என்றொரு நாடு. அங்கே கோமாஸ் மேட்டுநிலத்தில், 2006-ல், 'ஹெஸ்' எனப்படும் நான்கு தொலைநோக்கிகள் வானை நோக்கி நின்றன. ஒவ்வொன்றிலும் 382 கண்ணாடிகள். 960 ஒளியுணர் குழாய்கள். அவ்வாண்டு ஜூலை 28 அன்று, பி.கே.எஸ். 2155-304 என்ற தொலைதூர விண்மீன் திரளின் நடுவிலிருந்து காமாக் கதிர்கள் கொட்டின. தூறலல்ல, அடைமழை! இத்துறையினர் அளவுகோலாகக் கொள்ளும் நண்டு நெபுலாவைவிடச் சராசரியாக ஏழு மடங்கு. உச்ச நிமிடங்களில் அதற்கும் இரு மடங்குக்கு மேல்! ஏறிற்று, இறங்கிற்று, மீண்டும் ஏறிற்று. எல்லாம் மூன்றே நிமிட வேகத்தில்! ஏறத்தாழ 150 கோடி ஆண்டு வழிநடந்து வந்த ஒளி அது.

காமாக் கதிர் காற்று மண்டலத்தைத் துளைத்துத் தரைக்கு வருவதில்லையே, தரையில் நிற்கும் கருவி அதை எப்படிக் கண்டது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி!

கதிர் மேல்காற்றில் மோதுகிறது. மோதிய இடத்தில் துகள்கள் பிறக்கின்றன. அவை மேலும் துகள்களைப் பிறப்பிக்கின்றன. காற்றுக்குள் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சி அவை பாயும்போது மங்கிய நீல ஒளி சிந்துகிறது. சோவியத் அறிஞர் செரன்கோவ் 1934-ல் கண்டறிந்த ஒளி அது. 1958-ல் அவருக்கும் பிராங்க், டாம் ஆகியோருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளி. அது மின்னி மறைவது வினாடியின் நூறு கோடியில் சில பங்குக்குள். ஆனால் தரையில் ஏறத்தாழ 250 மீட்டர் அகலத்துக்குப் படர்கிறது. அந்த வட்டத்துக்குள் கண்ணாடி இருந்தால் போதும், கதிர் அகப்பட்டது. தடுத்த காற்றே தூது சொல்லும் கருவியாயிற்று!

வானில் இந்த ஒளியை முதன்முதல் பிடித்தது மாளிகைக் கருவி அல்ல, தோழர்களே! 1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ஹார்வெல்லில், கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத்தொட்டிக்குள் 25 செண்டிமீட்டர் கண்ணாடியையும் ஒற்றைக் குழாயையும் வைத்துப் பிடித்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 1968-ல் 10 மீட்டர் தொலைநோக்கி எழுந்தது. நண்டு நெபுலாவை அது ஐயத்துக்கு இடமின்றிக் கண்டது 1989-ல். இருபத்தோர் ஆண்டுக் காத்திருப்பு! நமது பால்வெளிக்கு அப்பாலுள்ள மார்க்கேரியன் 421-ஐ அது கண்டது 1992-ல்.

அந்த மூன்று நிமிடத்துக்கு ஏன் இத்தனை பரபரப்பு? ஒரு மைல் நீள ஊர்வலத்தை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் எழும் முழக்கம் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும். ஊர்வலம் முழுவதும் ஒரு நொடியில் முழக்கத்தை மாற்றினால், அது சிறிய ஊர்வலம் என்று பொருள். விண்ணிலும் அதே கணக்கு. அத்திரளின் நடுவே நூறு கோடி ஞாயிறுகளின் எடைகொண்ட கருந்துளை இருப்பதாகக் கொண்டால், அதன் அகலத்தைக் கடக்க ஒளிக்கே மணிக்கணக்கில் ஆகும். துடிப்போ மூன்று நிமிடம்! நம்மை நோக்கி ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் பீறலே காலத்தைச் சுருக்கிக் காட்டுகிறது என்றார்கள். அப்படியானால், அதுவரை நினைத்ததைவிடப் பல மடங்கு மூர்க்கமான பாய்ச்சல் தேவைப்பட்டது. பழைய கணக்கு போதவில்லை என்று கணக்குப் போட்டவர்களே ஏட்டில் எழுதி உலகறியச் செய்தார்கள். அதுதான் அறிவின் நாணயம்!

இந்த முயற்சியில் நமது மண்ணுக்கும் பங்குண்டு. 1970-களில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் உதகமண்டலத்தில் கண்ணாடிகளை நிறுத்தி இவ்வொளியைத் தேடினார்கள். இன்று லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலமுள்ள 'மேஸ்' நிற்கிறது. 2024 அக்டோபரில் திறப்பு விழா கண்ட அதன் எடை 180 டன். மூச்சு முட்டும் குளிரில் அந்த இரும்பைத் தூக்கி நிறுத்திய கைகள் யாருடையவை? உழைப்பாளியின் கைகள்!

பசித்தவனுக்கு இது சோறு போடுமா என்று கேட்டால், போடாது, மறைக்க மாட்டோம். சோற்றுக்கான போராட்டம் தனி. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பசி தீர்ந்த பின்னும் மனிதனுக்கு ஒரு பசி மிஞ்சுகிறது. அந்தப் பசி செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதென்று எவன் சொன்னான்? குப்பைத்தொட்டியில் தொடங்கிய கலை அல்லவா இது!

ஆகவே படிப்பகத்தில் இச்செய்தியை உரக்கப் படியுங்கள். கேட்டிருக்கும் சிறுவன் "அது எப்படி?" என்று குறுக்கிட்டால், அவனை அதட்டாதீர்கள். அந்தக் குறுக்கீட்டில்தான் அடுத்த தொலைநோக்கி பிறக்கிறது!